மாநாட்டுக்குக் கிளம்பலாமா? டெல்டாக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

பாபநாசம் ரயிலடி டீக்கடையில் போன மாதம் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். பாலிடெக்னிக் கடைசி வருடம். மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஒரு திறமூல மென்பொருளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்ய ஆரம்பித்தவன், இப்போது சின்னச் சின்ன பக் (நிரல் பிழை) சரிசெய்து அனுப்பும் அளவுக்கு வந்திருக்கிறான்.

“அண்ணே, செப்டம்பர்ல பெங்களூர்ல ஒரு மாநாடு வருது. பிப்ரவரில பிரஸ்ஸல்ஸ்ல ஒண்ணு. ரெண்டுக்குமே போகணும்னு இருக்கு. வீட்ல எதுக்குடான்னு கேக்குறாங்க. எனக்கே பதில் சொல்லத் தெரியல.”

டீ ஆறிப்போகும்வரை பேசினோம். அன்றைக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்தபின் ‘இதை விட்டுவிட்டோமே’ என்று தோன்றியதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் இதுவரை ஆறு மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். ஆசைப்பட்டும் போகாமல் விட்டவை அதைவிட அதிகம். போனதில் ஒன்று முழு வீண். விட்டதில் இரண்டை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எல்லோரும் டிக்கெட் விலையில் யோசனையை ஆரம்பிக்கிறார்கள். அது நாலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் படி: யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

உரை கேட்பதற்காக என்றால் போக வேண்டாம். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் திறமூல மாநாடான ஃபாஸ்டெம் ஆனாலும், டெபியன் இயங்குதளக்காரர்களின் டெப்கான்ஃப் ஆனாலும், பைத்தான் நிரல்மொழிக்காரர்களின் பைகான் இந்தியா ஆனாலும் உரைகளைப் பதிவுசெய்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டும் நேரலையாகவே வரும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புரியாத இடத்தை இரண்டாம் தரம் ஓட்டிப் பார்க்கலாம். அரங்கத்தில் அந்த வசதி கிடையாது.

வீட்டிலிருந்து முடியாத காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக வைக்கலாம். முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு உள்ளே வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்பது யூனிகோடு விதி. பல நிரல்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. நான் அன்றாடம் பயன்படுத்திய ஒரு குறிப்பேட்டு நிரலில், ஒரு விசைப்பலகையில் அடித்து வைத்த ‘கொல்லை’யை இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காது. பக் பதிந்தேன். திரையைப் படம் பிடித்துப் போட்டேன். “எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன” என்று பதில் வந்தது. அதுதானே ஐயா பிரச்சினை! ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தது.

பிறகு ஒரு மாநாட்டில் மதியச் சாப்பாட்டு வரிசையில் அந்த நிரலின் பராமரிப்பாளர் எனக்கு முன்னால் தட்டோடு நின்றார். ஜெர்மனிக்காரர். கை துடைக்கும் காகிதத்தில் பேனாவால் ‘கெ’ எழுதினேன், பக்கத்தில் தனியாக ஒரு கால் போட்டேன், கீழே ‘கொ’ என்று சேர்த்து எழுதினேன். “மேலே இரண்டு, கீழே ஒன்று, கண்ணுக்கு எல்லாம் ஒன்று” என்றேன். அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அதே பேனாவால் யூ எழுத்தை எழுதி அதன் தலையில் இரண்டு புள்ளி வைத்தார். அவர் மொழியிலும் அதே கதை: புள்ளியோடு சேர்ந்த ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், எழுத்து தனி புள்ளி தனி என்றும் வைக்கலாம். தட்டில் சாம்பார் ஆறுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அன்று ராத்திரியே திருத்தம் உள்ளே போனது.

ஒன்றரை வருடக் கடிதப் போக்குவரத்து செய்யாததை ஒரு காகிதத் துண்டு செய்தது. போகலாமா என்ற கேள்விக்கு இந்த மாதிரி வேலை உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் உரைகல்.

ஆகவே தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுங்கள். பின்பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள், அவரிடம் முடிக்க வேண்டிய ஒரு காரியம், அது ஏன் நேரில்தான் முடியும் என்பதற்கு ஒரு காரணம். ‘பெரிய ஆட்களைச் சந்திப்பது’, ‘தொடர்புகளை வளர்ப்பது’ என்றெல்லாம் எழுதினால் அந்த வரி செல்லாது. ‘இன்னார், இன்ன இஷ்யூ (திட்டத்தில் பதிந்து வைத்த பிரச்சினை), ஆறு மாதமாக நிற்கிறது, எழுத்தில் விளக்க முடியவில்லை’ என்று இருக்க வேண்டும்.

மூன்று வரியும் நிரம்பினால் அடுத்த படிக்குப் போங்கள். ஒன்றோ இரண்டோ இருந்தால், அந்த ஆட்கள் உண்மையிலேயே வருகிறார்களா என்று அவர்களையே கேளுங்கள். கூச்சம் வேண்டாம், “நீங்கள் வருகிறீர்களா, அரை மணி நேரம் கிடைக்குமா?” என்று இரண்டு வரி எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். என் வீண் பயணம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்த வினை. நான் பார்க்க நினைத்தவர் அந்த வருடம் வரவேயில்லை. மூன்று நாள் ஸ்டிக்கர் பொறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

ஒரு வரியும் எழுத வரவில்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடலாம். இதற்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். நம் பக்கத்தில் ஊருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறோம். செய்ததைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒரு ஆள் கிடையாது. இதே கிறுக்குப் பிடித்த நாலு பேரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும் என்று இருந்தால் அதுவும் காரணம்தான். ஆனால் அதற்குப் பிரஸ்ஸல்ஸ் தேவையில்லை, விழுப்புரம் போதும்.

இரண்டாம் படி: எந்தக் கூட்டம்?

விழுப்புரத்தை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் அங்கே மினி டெப்கான்ஃப் நடந்தது. அந்த ஊரின் லினக்ஸ் பயனர் குழு பல வருடமாக உயிரோடு இருக்கிற குழு. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் இப்படிக் குழுக்கள் உண்டு. முதல் தடவை கிளம்புகிறவர் இங்கே ஆரம்பிப்பது நல்லது. தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே உளறலாம், போக வர ஆகும் செலவு ஒரு கல்யாண மொய்க்கு மேல் போகாது.

அடுத்தது பெங்களூர் வட்டம். இந்தியாஃபாஸ் என்ற திறமூல மாநாடு அங்கே நடக்கிறது. 2009இல் பெங்களூரில் ஆரம்பித்த பைகான் இந்தியா ஊர் மாறி மாறிப் போகும். 2019இல் சென்னைக்கு வந்தது, சமீபத்தில் மறுபடி பெங்களூர். நம் பக்கத்திலிருந்து மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ சாயங்காலம் ஏறினால் விடியும்போது பெங்களூர்.

வெளிநாட்டில் நடப்பவற்றில் இரண்டை மட்டும் ஒப்பிட்டுக் காட்டுகிறேன், குணம் புரிந்துவிடும். ஃபாஸ்டெம் 2001ஆம் ஆண்டிலிருந்து நடப்பது. பிரஸ்ஸல்ஸில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் வகுப்பறைகளில், ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி முதல் சனி, ஞாயிறு. நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, 8000 பேருக்கு மேல் வருகிறார்கள். மகாமகத்துக்குக் கும்பகோணம் போன மாதிரி. உறவுக்காரர் வருவார் என்று தெரியும், கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியாது. அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஏற்கெனவே பத்துப் பேரைத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். யாரையும் தெரியாதவருக்குக் குளிர்.

டெப்கான்ஃப் வேறு ஜாதி. சில நூறு பேர், ஏறக்குறைய ஒரு வாரம், ஒரே இடத்தில் தங்கி ஒரே இடத்தில் சாப்பிடுவது. வருடத்துக்கு ஒரு நாடு. 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியில் நடந்தது. இந்தியாவுக்கு அது வந்தது அதுவே முதல் தடவை. காரைக்கால்–எர்ணாகுளம் ரயிலில் தஞ்சாவூரில் ஏறினால் மறுநாள் காலையில் கொச்சி. பழைய ஆட்கள் இன்னும் அந்த ரயிலை டீ கார்டன் என்றுதான் சொல்வார்கள். உலக மாநாடு ஒரு ராத்திரிப் பயணத்தில் வாய்ப்பது அபூர்வம். அப்படி வரும்போது காலண்டர் தாளில் ஒரு வரி மட்டும் இருந்தாலும் போய்விடுங்கள் என்பேன்.

இவை தவிர க்னோம், கேடிஇ, ஓப்பன்சூசே போன்ற திறமூலத் திட்டங்கள் தத்தம் மாநாடுகளை நடத்துகின்றன. நீங்கள் உழைக்கும் நிரல் எதுவோ அதன் மாநாடுதான் உங்களுக்கு முதல் உரிமை. பொது மாநாடுகள் அதற்குப் பிறகு.

மூன்றாம் படி: தேதியையும் பயிரையும் பக்கத்தில் வையுங்கள்

மற்ற ஊர்க்காரர்களுக்கு எழுதியிருந்தால் இந்தப் படியே இருக்காது.

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் நமக்குக் குறுவை. அறுப்பு செப்டம்பர், அக்டோபர். பைகான் இந்தியாவும் இந்தியாஃபாஸும் சமீப வருடங்களில் வந்தது இதே செப்டம்பரில். சம்பா அறுப்பு தை பிறந்ததும் சூடு பிடித்து மாசி வரை போகும். ஃபாஸ்டெம் அந்த வாரத்தில்தான் வந்து உட்காரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, வெள்ளைக்காரனுக்குத் தை அறுப்பு தெரியாது.

எங்களுக்குப் பத்து மா நிலம். அறுப்பு என்பது ஒரு நாள் வேலை என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். மிஷின் வண்டிக்குச் சொல்லி வைக்க வேண்டும். வயலில் ஈரம் இருந்தால் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டி வேண்டும். அது கிடைப்பது குதிரைக்கொம்பு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் களத்தில் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கும்வரை காயவைத்து, கிளறிவிட்டு, மழை இருட்டினால் தார்ப்பாயோடு ஓடி, முறை வரும்வரை ராத்திரி அங்கேயே படுத்துக் காவல் காக்க வேண்டும். எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த நாட்களில் வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் அது பெரிய குறை.

ஆகவே மாநாட்டுத் தேதி வந்தவுடன் வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ரகம் விதைக்கிறோம், என்றைக்கு விதைக்கிறோம்? இந்த இரண்டும் தெரிந்தால் அறுப்பு வாரம் தெரிந்துவிடும். குறுவையில் குறுகிய கால ரகம் போட்டு, போர் தண்ணீரில் முன்கூட்டியே ஆரம்பித்த வீடு என்றால் செப்டம்பர் நடுவில் கை ஓய்ந்துவிடும். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் கடைமடை என்றால் சந்தேகம்தான். நிலமே இல்லாத வீடு என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். ஆனால் அப்பா கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறார், அம்மா நடவுக்குப் போகிறார் என்றால் உங்கள் வீட்டுக்கும் அதே காலண்டர்தான்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இன்னொரு கணக்கு. 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் வீட்டில் இருந்தேன். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. அந்த மாதங்களில் தூரப் பயணம் போட்டால், ரத்து செய்ய முடிகிற டிக்கெட்டாகப் போடுங்கள்.

நான்காம் படி: பணம்

முதலில் முழுச் செலவையும் எழுதுங்கள். பெங்களூருக்கு ஸ்லீப்பரில் போக வர ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கே போனபின்தான் செலவே ஆரம்பம். அறை, ஆட்டோ, மாநாட்டு டிக்கெட், போகும் நாட்களின் கூலி அல்லது சம்பளப் பிடித்தம். நாம் மறப்பது கடைசியாகச் சொன்னதைத்தான். மோட்டார் போட ஆள் வைத்தால் அந்தக் காசையும் எழுதுங்கள். மும்முனைக் கரண்டு வரும் நேரத்துக்கு யாராவது போய் நிற்க வேண்டுமே. மொத்தத்தில் பதினைந்து சதவீதம் கூட்டுங்கள். அந்தத் தொகை போனால் வீட்டில் எது நிற்கும்? ‘ஒன்றும் நிற்காது’ என்றால் பணக் கேள்வி முடிந்தது.

நிற்கும் என்றால் உதவித்தொகை பக்கம் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இதைப் பிச்சை மாதிரி நினைத்து ஒதுங்குகிறார்கள். உழைக்கிறவர்களை வரவைப்பதற்கென்றே ஒதுக்கிய பணம் அது. டெப்கான்ஃபில் சாப்பாடு, தங்கும் இடம், பயணம் என்று மூன்று தனித்தனி உதவிகளுக்குப் பதிவுப் படிவத்திலேயே விண்ணப்பிக்கலாம். டெவலப்பராக இருக்க வேண்டும் என்று இல்லை, மொழிபெயர்ப்பும் பங்களிப்புதான். க்னோம், கேடிஇ, ஓப்பன்சூசே அமைப்புகளும் தம் பங்களிப்பாளர்களுக்குப் பயண உதவி தருகின்றன. பைகான் இந்தியாவும் நிதி உதவிக்கு விண்ணப்பம் வாங்கும். கெடுத் தேதி மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? தம்பி தன் விண்ணப்பத்தை போனில் காட்டினான். “எனக்குக் கட்டற்ற மென்பொருள் மீது மிகுந்த ஆர்வம் உண்டு. இந்த வாய்ப்பு என் வாழ்க்கையை மாற்றும்” என்று ஆரம்பித்திருந்தான். அழிக்கச் சொன்னேன். படிக்கிறவர் இப்படி நூறு பார்த்திருப்பார். காலண்டர் தாளில் எழுதிய மூன்று வரியையே எழுதச் சொன்னேன். இத்தனை சரம் (நிரலில் வரும் சொல்வரி) மொழிபெயர்த்தேன், இந்தத் திருத்தங்கள் உள்ளே போயின, இன்ன இஷ்யூவை இன்னாரோடு உட்கார்ந்து முடிக்க வருகிறேன், தஞ்சாவூரிலிருந்து ரயில் செலவு இவ்வளவு, என்னால் போட முடிந்தது இவ்வளவு. கேட்கும் தொகையைத் துல்லியமாக எழுதினால் ஆள் நாணயமானவர் என்று தோன்றும். குறைத்துக் கேட்டால் அனுதாபம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பிறகு கைக்காசு போகும்.

இப்போது என் கதை. ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் பயண உதவி கிடைத்தது. யார் கொடுத்தது என்பது வேண்டாம். கடிதத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு வார்த்தையைச் சரியாகப் படிக்கவில்லை. பணம் முன்னால் தர மாட்டார்கள், போய்வந்து ரசீது கொடுத்தபின் திருப்பித் தருவார்கள். கையில் காசில்லை. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை வங்கியில் வைத்து அறுபதாயிரம் வாங்கினேன். திரும்பி வந்து ரசீதுகளை அனுப்பினேன். பணம் வர நாலு மாதம் ஆனது. விமான நிலையத்திலிருந்து போன டாக்ஸிகளுக்கு ரசீது வாங்கவில்லை, அந்த 4,200 ரூபாயைக் கழித்துவிட்டார்கள். வட்டி 1,800. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு இரண்டு வங்கிகளுமாகப் பிடித்தது ஆயிரம். ஆக ஏழாயிரம் போனது. அந்த நாலு மாதத்தில் இரண்டு கல்யாணம் வந்தது, அம்மா இரண்டுக்கும் கழுத்தில் மஞ்சள் கயிறோடு போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு ஏழாயிரத்தில் கணக்கு எழுத முடியாது.

எனவே உதவி கிடைத்தால் உடனே மூன்று விஷயம் கேட்டு எழுதுங்கள். பணம் முன்பா, பின்பா? பின்பு என்றால் எத்தனை வாரத்தில்? டிக்கெட்டை நீங்களே போட்டுத் தர முடியுமா? மூன்றாவதைக் கேட்கத் தயங்காதீர்கள், சில அமைப்புகள் செய்கின்றன. ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்முன் டிக்கெட் வாங்காதீர்கள். முன்கூட்டி வாங்கியதைச் சில இடங்களில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ரசீதுகளை அன்றன்று படம் எடுத்து வையுங்கள், போர்டிங் பாஸ் உட்பட.

ஐந்தாம் படி: பாஸ்போர்ட்டும் விசாவும்

உள்நாட்டுப் பயணம் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

போகிறோமோ இல்லையோ, பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிடுங்கள். தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் விசாரணைக்கு வரும் நேரத்தில் வீட்டில் இருங்கள், ஆதாரில் உள்ள முகவரியும் குடியிருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். இதில்தான் பாதிப் பேருக்குத் தாமதம்.

பிரஸ்ஸல்ஸுக்கு ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, சந்தேகம் வந்தால் 45 நாள்வரை இழுக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஃபாஸ்டெமுக்கு முன்பதிவே கிடையாது என்பதால் ‘இவர் எங்கள் பங்கேற்பாளர்’ என்ற சீட்டும் தானாக வராது. உங்கள் உரை தேர்வாகியிருந்தால் அந்தக் கடிதம் பெரிய பலம்.

அதிகாரி கேட்காமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் திரும்பிப் போவாரா? மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும் போதும். நம்மைப் போல வீட்டிலிருந்து துண்டு வேலை செய்கிறவர்கள் வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கிக் கணக்கு, வேலை கொடுப்பவரின் கடிதம் எல்லாம் வைக்க வேண்டும். நிலம் உங்கள் பெயரில் இருந்தால் பட்டா நகலையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்க்கலாம். கணக்கில் கடைசி வாரத்தில் மொத்தமாகப் பணம் போட்டுக் காட்டுவது வேண்டாம், அது அவர்களுக்குப் பழகிய வித்தை.

ஆறாம் படி: வீட்டில் சொல்வது

இதைக் கடைசி நாளில் செய்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

“காசு குடுக்காம வேலை வாங்குறான். அவனப் பாக்க நீ காசு செலவழிச்சு வேற போகணுமா?” என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. லைசென்ஸ், சுதந்திரம் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை.

“அப்பா, முன்னெல்லாம் ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்ன வீட்டுக்கு ஒரு ஆள் போயி வாய்க்கால் தூர் வாருவீங்கல்ல, குடிமராமத்து? அது மாதிரிதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார். “அப்ப அங்க வர்றவன் பூரா ஒரே வாய்க்கால் பாசனமா?”

“ஆமாம்பா.”

“தலைமடைக்காரனும் வருவானா?”

“அவங்கதாம்பா நெறய வருவாங்க.”

“அப்ப போய்ட்டு வா. கடமடைக்காரன் போயி நின்னாத்தான் நம்ம பக்கம் தண்ணி திரும்பும்.”

உங்கள் வீட்டில் எந்த உதாரணம் செல்லும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் போகலாம் என்று நீங்களே முடிவெடுத்துவிட்டுப் போய்ச் சொல்லாதீர்கள். காலண்டர் தாளையும் செலவுக் கணக்கையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படி இன்னும் கடினம் என்று தெரியும். கூட யார், எங்கே தங்குவது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பெரிய மாநாடுகளில் நடத்தை விதிகள் உண்டு, புகாரைக் கேட்பதற்கென்று பொறுப்பாளர்கள் உண்டு. பெண்களுக்குத் தனி அறை வேண்டும் என்றால் அமைப்பாளர்களுக்கு முன்பே எழுதலாம். அவர்களுடைய பதிலை வீட்டில் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

வேலை பார்க்கும் இடத்தில் அந்த நிரலைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் விடுப்பு கேட்காமல் ‘ஆன் டூட்டி’ கேட்டுப் பாருங்கள். மறுத்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

ஏழாம் படி: ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

முடிவெடுக்க ஒரு கடைசித் தேதி வேண்டும். இல்லாவிட்டால் தட்கல் வரை இழுத்துக்கொண்டு போவோம். உள்நாட்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, ரயில் முன்பதிவு திறக்கும் நாள். இப்போது அது பயணத்துக்கு 60 நாள் முன்பு. அன்றைக்குப் பாதி மனம் இருந்தாலும் டிக்கெட்டைப் போட்டுவிடுவேன். சில நாள் முன்பே ரத்து செய்தால் ஸ்லீப்பரில் 120 ரூபாய்தான் பிடிப்பார்கள், இரண்டு மாதம் யோசிக்க அது மலிவான வாடகை. வெளிநாட்டுக்கு நாலு மாதம் முன்பு. அதற்குள் உதவித்தொகை பதிலும் பாஸ்போர்ட்டும் கையில் இல்லையென்றால் அடுத்த வருடம்.

வேண்டாம் என்று முடிவானால் அன்றைக்கே அமைப்பாளர்களுக்கு எழுதிவிடுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய உதவியும் படுக்கையும் வரிசையில் நிற்கும் இன்னொருவருக்குப் போகும். எழுதாமல் இருந்துவிட்டால் யாருக்கும் கிடைக்காது. மாநாட்டு நாட்களில் நேரலையைப் போட்டு வைத்து, அரட்டை அறையில் கேள்வியை அனுப்புங்கள். டெப்கான்ஃபில் அதை அரங்கத்தில் வாசிப்பார்கள். காலண்டர் தாளில் எழுதிய ஆளிடம், மாநாடு முடிந்த வாரத்தில் ஒரு வீடியோ அழைப்பு கேளுங்கள். நேரில் வர நினைத்தேன், முடியவில்லை என்று சொன்னால் மறுக்கிறவர் குறைவு.

போவது என்று முடிவானால் சொல்ல அதிகம் இல்லை. பதிவுப் படிவத்தில் சாப்பாட்டு விருப்பத்தை மறக்காமல் எழுதுங்கள். பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள், லேப்டாப்பை விட அது வேகம். முதல் நாள் உரைகளை விட்டுவிட்டு நடைபாதையில் நில்லுங்கள். சாப்பாட்டு வரிசையில் தெரிந்தவரோடு நிற்காதீர்கள். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள், பேசியதை இஷ்யூவில் எழுதிப் போட்டுவிடுங்கள். அதற்குமேல் போனால் அவர்களுக்கும் மறந்துவிடும்.

தம்பி பிரஸ்ஸல்ஸை விட்டுவிட்டான். பிப்ரவரியில் அவர்கள் வீட்டில் சம்பா அறுப்பு; பாஸ்போர்ட்டும் இன்னும் இல்லை. பெங்களூருக்கு எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இரண்டு வரி ஒழுங்காக இருந்தது. மூன்றாவதில் ‘ஆர்வம்’ என்று எழுதி அடித்திருந்தான். மைசூர் எக்ஸ்பிரஸில் ஆர்.ஏ.சி. கிடைத்திருக்கிறது. அவன் அப்பா செயின் வண்டிக்காரரிடம் ஒரு வாரம் தள்ளிக் கேட்டிருக்கிறாராம்.